பூச்சியம்மா கொட்டாத 'ம்'

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இதே கொடுக்காங்குளத்துல, பூச்சியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம்.

ம் கொட்டுங்க சம்பந்தியம்மா. வெங்காயம் உரிக்கிறது கைதான, வாய் சும்மாத்தான இருக்கு? இந்த ஊருல ம் கொட்டாம கதை கேட்கக்கூடாது. நீங்கதான கேட்டீங்க, ஊரு கூடுற மந்தையில வேப்பமரத்தடியில ஒரு கல்லு கிடக்கே, இத்தனை சனம் உட்கார இடமில்லாம நிக்குது, ஒருத்தரும் அதுல உட்கார மாட்டேங்கிறாங்களேன்னு. அந்தக் கல்லோட கதைதான் இது. நான் பார்த்தேனா? இல்ல. எங்க அத்தைக்கு அவங்க அத்தை சொன்னது. அவங்களுக்கு யாரு சொன்னாங்களோ. ம் கொட்டினா மேல போவேன்.

ஆங், அப்படி. இன்னும் கொஞ்சம் சத்தமா.

பூச்சியம்மா எங்க வகையறாவுக்கு மூத்தவ. புருஷன் அல்பாயுசுல போயிட்டான். இடுப்புல ஒரு பொண்ணு, கையில ஒரு பொண்ணு. சொத்துன்னு பார்த்தா ஒரு எருமை. அந்த எருமைக்குக் காது ஒரு பக்கம் அறுந்திருக்கும், அதனால மூளின்னு பேரு. மூளி பால் கொடுத்தா இவ தயிராக்கி, மோராக்கி, தலையில வச்சுத் தெருத்தெருவா வித்துக் கஞ்சி காய்ச்சுவா. மூளி பால் கொடுக்கலைன்னா கஞ்சி இல்ல. அவ்வளவுதான் அவ குடித்தனம்.

ஆனா அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்துச்சாம். அதுதான் முக்கியம். அவ ஊருக்கே ம் கொட்டுறவ.

சிரிக்காதீங்க. அப்ப அது பெரிய வேலை. ஏன்னா அந்தக் காலத்துல இந்த ஊருக்கு வெயிலுகந்தான்னு ஒரு நாட்டாமை. அவருக்குக் கதைன்னா உசுரு. வழக்குன்னு யாரு வந்தாலும் சட்டம் பேச மாட்டாரு, சாட்சி கேட்க மாட்டாரு. மீசையைத் தடவிக்கிட்டு, 'ஒரு காட்டுல ஒரு நரி இருந்துச்சாம்'னு ஆரம்பிப்பாரு. கதை முடிஞ்சதும், 'இதுல இருந்து என்ன தெரியுது?'ன்னு அவரே கேட்பாரு. அவரே ஒரு நீதி சொல்லுவாரு. அந்த நீதிதான் தீர்ப்பு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருவாரு.

கதையெல்லாம் நல்ல கதைதான். குத்தம் சொல்ல முடியாது. அறுப்புக்குப் போனவங்க, கூலி கூட ஒரு படி போட்டுக் கொடுங்க சாமின்னு வந்து நின்னாங்களாம். நாட்டாமை ஒரு குருவிக் கதை சொன்னாரு. குருவி ஒரு நெல்லு தின்னுச்சு, பத்தலைன்னு இன்னொரு நெல்லு தின்னுச்சு, தொண்டையில சிக்கிச் செத்துச்சு. என்ன தெரியுது? பேராசை கூடாது. போங்க.

மாடத்தின்னு ஒருத்தி. அவ புளியமரத்தோட கிளை பக்கத்துக்காரன் பக்கம் சாஞ்சிருக்கு. பக்கத்துக்காரன் நாட்டாமைக்குப் பங்காளி. சாஞ்ச கிளையில ஆரம்பிச்சு மொத்த மரத்தையும் உலுக்கிக்கிட்டான். மாடத்தி வந்து அழுதா. நாட்டாமை ஒரு ஆமைக் கதை சொன்னாரு. ஆமை கரையிலயே காத்துக்கிட்டுக் கிடந்துச்சு, கிடந்துச்சு, ஒரு நாள் மழை பேஞ்சு குளமே அதுகிட்ட வந்துருச்சு. என்ன தெரியுது? பொறுமை வேணும். மாடத்தியும் பொறுமையா இருந்தாளாம். புளி மட்டும் பொறுமை இல்லாம வருஷா வருஷம் அவன் வீட்டுக் குழம்புக்குப் போய்ச் சேர்ந்துச்சாம்.

குருவிக்குப் பேராசை கூடாது. ஆமைக்குப் பொறுமை வேணும். எறும்பு ஓயாம உழைக்கணும், கழுதை எதிர்த்துப் பேசக்கூடாது. நாட்டாமைக்கும் அவரு பங்காளிகளுக்கும் மட்டும் எந்தக் கதையிலயும் எதுவும் தேவைப்படலையாம். எப்படிப் பாருங்க.

கதை சொன்னா ம் கொட்ட ஆளு வேணும்ல. நாட்டாமை யார் யாரையோ வச்சுப் பார்த்தாராம். ஒருத்தன் ம் கொட்டினா காளை செருமுற மாதிரி இருந்துச்சாம். இன்னொருத்தன் பாதியில குறட்டை விட்டானாம். இன்னொரு வம்பு புடிச்ச ஆளு, 'எந்த ஊருக் குருவி? அது தின்னது சம்பாவா குறுவையா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தானாம். அவனை எழுப்பி விரட்டிட்டாங்க. கடைசியில மோர் விக்க வந்த பூச்சியம்மா, கூடையை இறக்கி வச்சுட்டு அந்தக் கல்லுல உட்கார்ந்து, சும்மா ஒரு ம் கொட்டினாளாம். நாட்டாமை அப்படியே சொக்கிப் போயிட்டாரு.

அவ கொட்டுற ம் அப்படி. ராசா செத்தா அதுக்கு ஒரு ம். ராசாத்தி சிரிச்சா அதுக்கு ஒரு ம். பேய் வந்தா உள்ளுக்குள்ள இழுத்து ஒரு ம். கேட்கிறவங்களுக்குக் கதையை விட அந்த ம் நல்லாருக்குமாம். அன்னையில இருந்து கதை அவரு கதை, ம் இவ ம். வழக்கு நடக்கிற அன்னைக்கெல்லாம் வெத்தலை கொடுத்து அந்தக் கல்லுல உட்கார வச்சிருவாங்க. இவளுக்கும் பெருமை தாங்கல. குருவி செத்தப்பவும் இவதான் ம் கொட்டினா. ஆமை காத்துக் கிடந்தப்பவும் இவதான் ம் கொட்டினா. கதை நல்லாருக்கான்னுதான் பார்த்தாளே தவிர, கதை முடிஞ்சு யாரு வயித்துல அடி விழுகுதுன்னு பார்க்கல.

இதுல ரெண்டு சாஸ்திரம் இருக்கு, கேட்டுக்கோங்க. ஒண்ணு, ம் கொட்ட ஆரம்பிச்ச வாய்தான் கதையை முடிச்சு வைக்கணும். நடுவுல ஆளு மாறக்கூடாது. இன்னொண்ணு, கதையைப் பாதியில விடக்கூடாது. விட்டா அந்தக் கதையில இருக்கிறதெல்லாம் போக்கிடம் இல்லாம, கதை சொன்னவன் வீட்டுக்கே வந்து குடியேறிடும். நாட்டாமையோட அப்பா ஒரு தடவை பாம்புக் கதையைப் பாதியில விட்டுட்டுச் சாப்பிடப் போனாராம். அன்னைக்கே சோத்துப்பானை பக்கத்துல பாம்பாம். எங்க வீட்டுக்கும்தான் பாம்பு வருது, நாங்க எந்தக் கதையையும் விடல. ஆனா நாட்டாமை அதை ரொம்ப நம்பினாரு. அவரை விட அவரு பொண்டாட்டி ஆவுடையம்மா ரொம்ப நம்பினா.

ம் கொட்டுங்க. நீங்க பாதியில விட்டா எருமை எங்க வீட்டுக்கு வந்துரும்.

அந்த ஆவுடையம்மாளுக்கு ஒரு தம்பி, பேரு கொம்பையா. பங்குனித் திருவிழாவுக்கு அக்கா வீட்டுக்கு விருந்தாளியா வந்தவன். திருவிழா முடிஞ்சு கொடி இறக்கினாங்க, பந்தல் பிரிச்சாங்க, ராட்டினக்காரன் கூட மூட்டை கட்டிட்டான். கொம்பையா போகல. அடுத்த பங்குனியும் வந்துச்சு, போகல. அக்கா புருஷன் பார்த்தாரு, சரி கிடந்துட்டுப் போறான்னு வீட்டுக்குப் பின்னாடி இருந்த தொழுவத்தையும் அதை ஒட்டின சோளக்காட்டையும் அவன் பொறுப்புல விட்டுட்டாரு.

ஒரு கோடைக்காலம். குளத்துல தண்ணி இல்ல. மூளிக்குத் தாகம். நிறைசினை வேற. கயித்தை அத்துக்கிட்டுத் தண்ணி வாசனை பிடிச்சுப் போச்சு. போனது நேரா கொம்பையா தொழுவம். அங்க தொட்டி நிறையத் தண்ணி. குடிச்சுட்டு அங்கேயே படுத்துக்கிச்சு. கொம்பையா பார்த்தான், ஒரு கயித்தை எடுத்துக் கட்டிட்டான். இவ தேடி அலைஞ்சு போய்க் கேட்டா, 'நானா கூப்பிட்டேன்? அதுவா வந்துச்சு. வந்தது எனக்கு'ன்னுட்டானாம்.

அந்த வாரத்துலயே மூளி அங்கயே கன்னு போட்டுருச்சு. கன்னும் அவனுக்காம்.

பூச்சியம்மா அழுதாளாம். அழாம என்ன செய்வா? கன்னும் பாலுமா நிக்கிற எருமை பக்கத்துத் தெருவுல கத்துது, இவ வீட்டுல மோர்ப்பானை காஞ்சு கிடக்கு. சின்னப் பொண்ணு வெறும் கேப்பைக் கஞ்சியைத் துப்புது. தெருவுல மாடத்தியைப் பார்த்து, என் மூளியைப் பிடிச்சுக்கிட்டாங்க மாடத்தின்னு சொல்லி அழுதா. மாடத்தி நின்னு கேட்டா. கேட்டுட்டுச் சொன்னாளாம்:

"நாட்டாமைகிட்டப் போ பூச்சி. நல்ல கதையாச் சொல்லுவாரு. என் புளிக்கு நீ கொட்டின ம் இன்னும் என் காதுல நிக்குது."

பூச்சியம்மாளுக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி ஆயிருச்சாம். முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அவளுக்கு வெட்கமா இருந்துச்சு. எருமை போன துக்கத்தை விட அது பெருசா இருந்துச்சுன்னு எங்க அத்தை சொல்லுவாங்க.

மறுநாள் நாட்டாமைகிட்டப் போய் முறையிட்டா. நாட்டாமை மீசையைத் தடவினாரு. மச்சினன் வழக்கு, என்ன கதை சொல்றதுன்னு அப்பவே மனசுக்குள்ள ஓடிருச்சு. நாளைக் காலையில மந்தைக்கு வந்துரு, நீயே ம் கொட்டிரு, உன் ம் இல்லாம எனக்குக் கதை வராதுன்னாராம். ஏன் தெரியுமா? அவ வாயாலயே ம் கொட்டி முடிச்சுட்டா, நாளைக்கு அவ ஒரு பேச்சுப் பேச முடியாதுல்ல. சரி சாமின்னு சொல்லிட்டு வந்துட்டா.

காலையில மந்தை நிறையச் சனம். நாட்டாமை பாயில. பூச்சியம்மா அந்தக் கல்லுல. கொம்பையா முழங்காலுக்குக் கீழ துணி சுத்திக்கிட்டு நொண்டி நொண்டி வந்தான். என்னன்னு கேட்டா, மூளி அவனைப் பால் கறக்க விடல. பூச்சியம்மான்னு நினைச்சுக்கட்டும்னு அக்கா சேலையைக் கட்டி, முக்காடு போட்டு, குரலை மாத்தி 'மூளி, மூளி'ன்னு கூப்பிட்டுக்கிட்டே கிட்டப் போயிருக்கான். மூளி திரும்பிப் பார்த்துச்சாம். ஒரு உதை. சேலை ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம்.

நாட்டாமை தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சாரு.

"ஒரு பெரிய காட்டுல ஒரு புலி இருந்துச்சாம்."

"ம்."

"புலிக்குன்னு ஒரு புதரு இருந்துச்சாம். நிழலான புதரு."

"ம்."

"ஒரு ஆட்டுக்குட்டி, தாய் பேச்சைக் கேட்காம, கால் போன போக்குல அந்தப் புதருக்குள்ள வந்துருச்சாம்."

"ம்."

"புலி அதை ஒண்ணுமே செய்யல. நல்ல புலி. புல்லு கொடுத்துச்சு, தண்ணி கொடுத்துச்சு. அப்பப் பார்த்துத் தாயாடு அழுதுக்கிட்டு வந்து நின்னுச்சாம்."

ம் இல்ல.

நாட்டாமை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாரு. தாயாடு வந்து நின்னுச்சாம்னு இன்னொரு தடவை சொன்னாரு. பூச்சியம்மா வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்தா. அழுதுக்கிட்டே வந்து நின்னுச்சாம்னு நீட்டிச் சொன்னாரு. அவ காம்பைக் கிள்ளிப் போட்டா. வெத்தலையை மடிச்சா. வாயில வச்சா. மெல்ல ஆரம்பிச்சா. ம் மட்டும் வரல.

கதை நின்னுபோச்சு. புலி ஒரு பக்கம் நிக்குது, தாயாடு ஒரு பக்கம் நிக்குது, நாட்டாமை நடுவுல உட்கார்ந்திருக்காரு. மேல சொல்ல முடியாது, ம் இல்ல. எந்திரிச்சுப் போக முடியாது, புலி பின்னாலயே வந்துரும்.

கொம்பையா பார்த்தான். அவனா முந்திக்கிட்டு ம்முன்னு ஒரு ம் கொட்டினான். சனமெல்லாம் அவன் மேல பாய்ஞ்சுது. ஆரம்பிச்ச வாய் எது, நீ எது, கதையைக் கெடுக்காத, உட்காருன்னு. உட்கார்ந்துட்டான்.

வெயில் ஏறிருச்சு. வேப்பமரத்து நிழல் நாட்டாமையை விட்டு நகர்ந்து போச்சு. அவரும் பாயோட நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து பார்த்தாரு. கூழ் குடிக்கிற நேரமும் தாண்டிப் போச்சு. ஆவுடையம்மா புருஷனைத் தேடி வந்தா. என்ன நடக்குதுன்னு கேட்டா. புலிக் கதை பாதியில நிக்குதுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், அப்படியே நாலு எட்டுப் பின்னால போயிட்டா. கதையை முடிக்காம வீட்டுப் பக்கம் வந்துராதீங்க, கன்னு காலியெல்லாம் கட்டிக் கிடக்கு, புலியைக் கூட்டிக்கிட்டு வந்தீங்கன்னா நான் கதவைத் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காமப் போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட சத்தம் மந்தை வரைக்கும் கேட்டுச்சாம்.

நாட்டாமைக்குப் பசி. கண்ணு இருட்டுது. மீசை கூடத் தொங்கிப் போச்சுன்னு சொல்லுவாங்க. ஒரு ம் கொட்டு தாயி, வெத்தலை வேணும்னா இன்னொரு கவுளி தரச் சொல்றேன்னு கெஞ்சினாராம்.

பூச்சியம்மா வெத்தலையைத் துப்பிட்டு வாயைத் திறந்தா.

"தாயாடு என்ன கேட்டுச்சு சாமி?"

நாட்டாமை முழிச்சாரு. அதைப் பத்தி அவரு யோசிக்கவே இல்ல. என்னத்தக் கேட்கும், குட்டியை விடுன்னு கேட்கும், புலி நீதி சொல்லி அனுப்பிரும்னாரு.

"இத்தனை வருஷமா இதை நான் கேட்கல. அது என் தப்பு. குருவி சாகுறப்ப என்ன சொல்லுச்சுன்னு நான் கேட்கல. ஆமை கரையில கிடந்து என்ன நினைச்சுச்சுன்னு கேட்கல. கதை எப்பவும் புலி பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு. இன்னைக்கு ஆட்டுப் பக்கம் நான் சொல்றேன். நீங்க ம் கொட்டுங்க."

மாடத்தி முன்னால வந்து உட்கார்ந்தா. நாட்டாமை யோசிச்சாரு. யாரு சொன்னா என்ன, கதை முடிஞ்சா சரி, கூழுக்குப் போகலாம். சரி சொல்லுன்னுட்டாரு. இப்பக் கதை இவ கதை, ம் அவரு ம்.

"தாயாடு சொல்லுச்சாம், புதருக்குள்ள வந்தது புதருக்காரனுக்குன்னா, சரி சாமி, அப்படியே இருக்கட்டும்."

"ம்." நாட்டாமைக்குச் சந்தோஷம். ம் நல்லா எடுப்பா வந்துச்சு.

"இந்த நீதி காடு முழுக்கப் பரவிருச்சாம்."

"ம்."

"முயல் கேட்டுச்சாம். கேட்டுட்டு, அப்படின்னா புலியோட காளை தினம் எங்க கொல்லையிலதான மேயுது, அது எங்களுக்குன்னுச்சாம்."

நாட்டாமை ம் கொட்டாம, புலிக்கு ஏது காளைன்னு கேட்டாரு. உங்க புலி ஆட்டுக்குப் புல்லு கொடுத்துச்சே, நான் ஏதும் கேட்டேனா, ம் கொட்டுங்க சாமின்னா. கொட்டினாரு. ஆனா சனத்துக்குப் புரிஞ்சு போச்சு. நாட்டாமை வீட்டுக் காளை ஊரு முழுக்க எல்லாக் கொல்லையிலயும் வாய் வச்சுட்டு வரும். பின்னால உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன், கட்டிப்போடக் கயிறு இருக்கான்னு மெதுவாப் பக்கத்துல கேட்டானாம்.

"கீரி சொல்லுச்சாம், புலி வீட்டுக் கோழியெல்லாம் எங்க குப்பைமேட்டுலதான் அடை கிடக்கு, குஞ்சு பூரா எங்களுக்குன்னு."

"ம்." இந்த ம் மூக்குக்குள்ளயே நின்னுருச்சு.

"கிழட்டு நரி ஒண்ணு கடைசியா எந்திரிச்சுச்சாம். பங்குனித் திருவிழாவுக்குப் புலி வீட்டுக்கு ஒரு சிறுத்தை விருந்தாளியா வந்துச்சு. புலிக்கு மச்சினன். கூப்பிடாமலே வந்தது. இன்னும் போகல. நீதிப்படி பார்த்தா அது புலிக்குத்தான் சொந்தம். தொழுவத்துல கட்டிப்போட்டு, காலையிலயும் சாயங்காலமும் பாலைக் கறந்துக்கட்டும்னுச்சாம்."

அம்மாடி. மந்தையில சனம் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. மரத்துல இருந்த காக்கா பூரா பறந்துருச்சாம். கொம்பையா துணி சுத்தின காலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கான். பூச்சியம்மா மட்டும் சிரிக்கல. நாட்டாமை மூஞ்சியையே பார்த்துக்கிட்டு, ம் கொட்டுங்க சாமின்னா.

நாட்டாமை கொட்டல. எப்படிக் கொட்டுவாரு? கொட்டினா காளை போச்சு, கோழி போச்சு, மச்சினன் நிரந்தரமாயிருவான். கொட்டலைன்னா இந்தக் கதையும் பாதியில நிக்குது. ஏற்கெனவே அவரு கதைப் புலி ஒண்ணு. இப்ப இவ கதைப் புலி ஒண்ணு, ஆடு, முயல், கீரி, நரி, சிறுத்தை. அத்தனையும் ஊர்வலமா வீட்டுக்குப் போனா ஆவுடையம்மா என்ன சொல்லுவா?

அவரும் சிரிச்சுட்டாருன்னு சிலரு சொல்றாங்க. பெரிய மனுஷன், தோல்வியைச் சிரிச்சு ஏத்துக்கிட்டாருன்னு. எனக்கென்னமோ பசிதான்னு தோணுது. எதுவோ ஒண்ணு. கையைத் தூக்கி, கொம்பையா, போய் எருமையையும் கன்னையும் அவுத்துட்டு வான்னு சொன்னாராம்.

எருமை வந்துச்சு. கன்னு பின்னாலயே வந்துச்சு. மூளி பூச்சியம்மாளைப் பார்த்ததும் ஒரு கத்து கத்திக்கிட்டு நேரா வந்து அவ தோள்ல மூஞ்சியை வச்சுக்கிச்சாம். அப்பத்தான் அவ அழுதாளாம். இது வேற அழுகை.

இங்கயே நான் நிறுத்திட்டா நல்ல கதைதான். ஆனா அந்தக் கல்லுல யாரும் உட்காராததுக்குக் காரணம் இது இல்ல. நாட்டாமை கேட்டாராம், சரி பூச்சி, கதையை முடி, நீதியையும் நீயே சொல்லிரு, எல்லாரும் வீட்டுக்குப் போவோம்னு. சனமெல்லாம் அவ வாயைப் பார்த்துச்சு. என்ன சொன்னா தெரியுமா?

"எருமை என் கைக்கு வந்துருச்சு. இப்ப நான் சொல்ற நீதி எனக்குத் தோதாத்தான் இருக்கும், உங்க நீதி உங்களுக்குத் தோதா இருந்த மாதிரி. தோத்தது கொம்பையா. ஆளு மாறக்கூடாதுங்கிற சாஸ்திரம் இன்னைக்கு ஒதுங்கி நிக்கட்டும், அந்தத் தம்பி ம் கொட்டட்டும், அப்பத்தான் ரெண்டு கதையும் முடியும்."

கல்லுல இருந்து எந்திரிச்சு, அவனை அதுல உட்காரச் சொன்னா. கொம்பையா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தான். அவனை அதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்ல போல. வாயைத் திறந்தவன் கொட்டித் தீர்த்துட்டான். நான் எருமையைத் திருடல, வந்துச்சு. கட்டினது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா என் சோளத்தட்டை பூரா அதுதான் தின்னுச்சு. கன்னு போட்டப்ப விடிய விடிய நான்தான் பக்கத்துல இருந்தேன், கன்னு தலைகீழா வந்துச்சு, நான்தான் இழுத்துவிட்டேன். அதுக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா? உதைதான் கிடைச்சுச்சு. சொல்லிட்டு மூக்கை உறிஞ்சினானாம்.

சனம் சிரிக்கல. பூச்சியம்மா கன்னைத் தடவிப் பார்த்தா. அவன் சொன்னது நிசம். இது எனக்குத் தெரியாதே தம்பின்னாளாம். தை அறுப்பு வரைக்கும் தினம் ஒரு செம்பு மோர் உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கும், நீ சாணி அள்ளின கைக்கு அதுன்னா. கெட்டி மோரான்னு கேட்டானாம் அவன். கெட்டி மோர்தான்னா.

"ம்"ன்னான் கொம்பையா.

தவளை கத்தின மாதிரி ஒரு ம். ஆனாலும் ம் ம்தான. கதை முடிஞ்சுது. நாட்டாமை துண்டை உதறிக்கிட்டு எந்திரிக்கப் போனாரு. அப்பப் பார்த்து மாடத்தி எந்திரிச்சு நேரா வந்து அந்தக் கல்லுல உட்கார்ந்தா.

"என் ஆமைக் கதைக்கு நான் இன்னும் ம் கொட்டலையே சாமி."

அவளுக்குப் பின்னால குருவிக் கதைக்காரங்க எந்திரிச்சாங்க. அவங்களுக்குப் பின்னால எறும்புக் கதைக்காரங்க. கழுதைக் கதைக்காரன் ஒருத்தன், ரொம்ப வயசானவன், கம்பை ஊனிக்கிட்டு வந்து வரிசையில நின்னானாம். நாட்டாமை பார்த்தாரு. எந்திரிச்சவரு திரும்பப் பாயிலயே உட்கார்ந்துட்டாரு. கூழை மந்தைக்கே கொண்டு வரச் சொன்னாராம். அந்தக் கோடை முழுக்க, அவரு சொல்லி முடிச்ச கதையெல்லாம் ஒவ்வொண்ணாத் திரும்பச் சொல்லி, ஒவ்வொருத்தர்கிட்டயா ம் வாங்க வேண்டியதாப் போச்சு. மாடத்திக்கு மரம் திரும்பி வந்துச்சு. சாஞ்ச கிளைப் புளி பக்கத்துக்காரனுக்குன்னு அவளே விட்டுக்கொடுத்தாளாம். கூலிக்குக் கூட ஒரு படி விழுந்துச்சு. கழுதைக் கதைக்காரன் மட்டும் கடைசி வரைக்கும் ம் கொட்டல. அவன் வழக்கு இன்னும் தீரலைன்னு சொல்லுவாங்க, அவன் பேரன் பேத்தியெல்லாம் இன்னைக்கும் அதைப் பேசிக்கிட்டு இருக்காங்க.

அதுல இருந்துதான் இந்த ஊருல இந்த வழக்கம். யாரு பஞ்சாயத்துப் பேசினாலும், என்ன தீர்ப்புச் சொன்னாலும், ஜெயிச்சவன் தலையாட்டினா செல்லாது. தோத்தவங்க அந்தக் கல்லுல வந்து உட்காரணும். மனசுல கிடக்கிறதைச் சொல்லணும். சொல்லி முடிச்சு, அவங்களா ம் கொட்டணும். அதுக்குப் பேரு பூச்சியம்மா கல்லு. சும்மா கால் வலிக்குதுன்னு யாரும் அதுல உட்கார மாட்டாங்க. வெளியூர்க்காரங்க எங்களைக் கேலி பண்ணுவாங்க, உங்க ஊருல ஒரு வேலி போடணும்னா ஒரு தலைமுறை ஆகும்னு. ஆகும்தான். ஆகட்டுமே.

கதை முடிஞ்சா இங்க யாரும் நீதி சொல்லக்கூடாது, அதனால நானும் சொல்ல மாட்டேன். ஆனா சம்பந்தியம்மா, காலையில வெத்தலை மாத்துறப்ப, கல்யாணத்துக்கு அப்புறம் எங்க பொண்ணு வேலைக்குப் போக வேண்டாம், வீட்டோட இருந்தாப் போதும்னு நீங்க சொன்னீங்க. உங்க பக்கத்து ஆம்பளைங்க தலையாட்டினாங்க. எங்க பக்கத்து ஆம்பளைங்களும் தலையாட்டினாங்க. தேதி குறிச்சாச்சு, சந்தனம் பூசியாச்சு.

அவ உள்ளதான் இருக்கா. போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து அந்தக் கல்லுல உட்கார வையுங்க. அவ என்ன சொல்றான்னு கேளுங்க. அவ ம் கொட்டுற வரைக்கும், நீங்க காலையில பேசினதெல்லாம் பாதிக் கதைதான்.